பஸ்காவுக்கு முன்னாலேயே ஈஸ்டர் எப்படி வந்தது? – ஒரு விவாத இழை

தாமிரபரணி_டீச்சர்:
ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகள் வகுப்பு எடுக்கிறேன். லெந்து (தவக்கால) நாட்கள் என்பதால் யாத்திராகமம் 12 படித்துக்கொண்டிருந்தோம்; இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு விடுதலையான இரவையும் அதன் நினைவான பஸ்கா பண்டிகையையும் சொல்லும் அதிகாரம். ஒரு பையன் போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தான். "டீச்சர், 2024ல ஈஸ்டர் மார்ச் 31. யூதர்களோட பஸ்கா ஏப்ரல் 22 ராத்திரி. ஆண்டவர் பஸ்காவுக்கு எருசலேம் போன இடத்துலதானே பிடிபட்டாரு? அப்போ பஸ்காவுக்கு மூணு வாரம் முந்தியே உயிர்த்துட்டாரா?"

வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்தேன். இந்த 2026ஐப் பார்த்தால் ஏப்ரல் 1 புதன் இரவு பஸ்கா, 3 பெரிய வெள்ளி, 5 ஈஸ்டர். அச்சாகப் பொருந்துகிறது. ஒரு வருடம் பொருந்தி இன்னொரு வருடம் இப்படி விலகுவது எதனால்? ஞாயிற்றுக்குள் பதில் வேண்டும்.

பஞ்சாங்கப்பிரியன்:
நல்ல பையன் டீச்சர், அவனை விட்டுவிடாதீர்கள்.

முதலில் நிலாக் கணக்கு. பன்னிரண்டு நிலா மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். சூரிய வருடத்துக்குப் பதினோரு நாள் குறைகிறது. அப்படியே விட்டால் பண்டிகை வருடாவருடம் முன்னால் நகரும். ரம்ஜான் மழைக்காலத்திலும் வரும், கோடையிலும் வரும், பார்த்திருப்பீர்கள். பஸ்காவை அப்படி நகரவிட முடியாது. பஸ்கா வரும் நிசான் மாதத்துக்குப் பழைய பெயர் ஆபிப், அதாவது வாற்கோதுமை கதிர் பிடிக்கும் மாதம். கதிர் இல்லாமல் பண்டிகை இல்லை. அதனால் யூதர்கள் 19 வருடத்துக்கு ஏழு முறை, நிசானுக்கு முந்தின ஆதார் மாதத்தை இரண்டாக்கிவிடுவார்கள். வடக்கேயும் தெலுங்குப் பக்கமும் அதிக மாசம் என்று ஒன்று சேர்ப்பார்களே, அதே வேலை. 19 சூரிய வருடமும் 235 நிலா மாதமும் கிட்டத்தட்டச் சமம் என்பதுதான் இதன் அடிப்படை.

இப்போது வேடிக்கை என்னவென்றால், ஈஸ்டர் கணக்கும் அதே 19 வருடச் சுற்றில்தான் ஓடுகிறது. விதி இதுதான்: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலாவுக்கு அடுத்த ஞாயிறு. அந்த முழுநிலாவும் வானத்தைப் பார்த்துச் சொல்வதல்ல, அட்டவணையில் இருப்பது. அதனால் ஈஸ்டர் மார்ச் 22க்கு முன் வராது, ஏப்ரல் 25ஐத் தாண்டாது.

2024ல் முழுநிலா மார்ச் 25. 21ஐத் தாண்டிவிட்டது, ரோமுக்கு அது போதும், 31 ஞாயிறு ஈஸ்டர். ஆனால் யூதர்களுக்கு அது இரண்டாம் ஆதார் நடந்த வருடம். அவர்கள் அந்த நிலாவுக்குப் பூரிம் என்ற வேறொரு பண்டிகையைக் கொண்டாடினார்கள், அடுத்த நிலாவுக்குத்தான் பஸ்கா. நம் ஊரில் பங்குனி உத்திரம் வந்ததும் அந்த மார்ச் நிலாவை ஒட்டித்தான்.

19 வருடத்தில் மூன்று வருடம் இப்படி ஒரு மாதம் பிசகும். 2005, 2008, 2016, 2024 எல்லாம் அப்படிப்பட்டவை. அடுத்தது 2027: ஈஸ்டர் மார்ச் 28, பஸ்கா ஏப்ரல் 21 இரவு. அந்தப் பையன் அடுத்த வருடமும் எழுந்து நிற்பான், தயாராக இருங்கள்.

யூத நாட்காட்டியிலும் சின்னப் பிசகு உண்டு. அவர்களுடைய சராசரி வருடம் சூரியனைவிட ஆறேழு நிமிடம் நீளம். நூற்றாண்டுகளாகச் சேர்ந்து ஒரு வாரம் வரை பின்தங்கிவிட்டது. ஆக, இரண்டு கடிகாரமும் ஒரே கடையில் வாங்கியவைதான், சாவி கொடுத்தவர்கள் வேறு.

தாமிரபரணி_டீச்சர்:
அண்ணே, இது புரிந்தது. ஆனால் யூதர்களிடமே கேட்டு அந்த வாரத்திலேயே வைத்திருக்கலாமே? எதற்குத் தனிக் கணக்கு?

மறைக்கல்வி_சிவகங்கை:
கேட்டுத்தான் வைத்தார்கள் டீச்சர், ஆரம்பத்தில். ஆசியா மைனர் (இன்றைய துருக்கி) சபைகள், யூதர்கள் பஸ்கா ஆடு அறுக்கும் நிசான் 14 எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றே பாஸ்கா (ஈஸ்டருக்கு அன்றைய பெயர்) கொண்டாடின. ரோம் ஞாயிறுதான் என்றது. ஏறக்குறைய 155ல் சிமிர்னா ஆயர் பொலிக்கார்ப்பு ரோமுக்கே போய்த் திருத்தந்தை அனிசேத்துஸிடம் பேசினார். திருத்தூதர் யோவானோடு சேர்ந்து நான் கொண்டாடிய முறை இது, விட முடியாது என்றார். அவரும் விடவில்லை, இவரும் விடவில்லை. ஆனால் சேர்ந்து திருப்பலி வைத்துவிட்டுச் சமாதானமாகப் பிரிந்தார்கள். எனக்குத் திருச்சபை வரலாற்றிலேயே பிடித்த சண்டை இது.

190 வாக்கில் விக்டர் என்ற திருத்தந்தை, ஆசியா சபைகளைச் சபையை விட்டே நீக்கப் பார்த்தார். லியோன் ஆயர் இரனேயுதான் "உமக்கு முன் இருந்தவர்கள் இதற்காகச் சண்டை போடவில்லையே" என்று தடுத்தார்.

325ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தோடு ஞாயிறு உறுதியாயிற்று. அப்போது ரோமப் பேரரசர் கொன்ஸ்தந்தீன் சபைகளுக்கு எழுதிய கடிதத்தைத் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியு எடுத்து வைத்திருக்கிறார். அதில் வானியல் குறைவு, வெறுப்பு அதிகம். ஆண்டவரைக் கொன்ற அந்த மக்களோடு நமக்குப் பொதுவாக ஒன்றும் இருக்கக் கூடாது என்ற தொனி. உங்கள் பையனின் கேள்விக்கு உண்மையான பதில் அங்கே இருக்கிறது. நாள் தானாக விலகவில்லை, விலக்கினார்கள்.

வசனவிளக்கு:
பிரைஸ் த லார்ட். ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள்? ஈஸ்டர் என்பதே இஷ்தார் என்ற பாபிலோன் தேவதையின் பண்டிகை. முட்டை, முயல் எல்லாம் அதன் அடையாளம். வேதத்தில் ஈஸ்டர் கிடையாது. எங்கள் சபையில் கொண்டாடுவதில்லை.

கேள்விக்குறி:
பிரதர், நான் கோயிலுக்கும் போகாதவன், சர்ச்சுக்கும் போகாதவன். ஆனாலும் இது தப்பு. இஷ்தார் கதையைப் பரப்பியது 1850களில் ஒரு ஸ்காட்லாந்துப் போதகர். காதுக்கு ஒரே மாதிரிக் கேட்கிறது என்பதைத் தவிர அவரிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை. ஈஸ்டர் என்ற சொல்லுக்குப் பழைய சாட்சி 725ல் எழுதிய பீட் என்ற ஆங்கிலத் துறவி மட்டும்தான். ஏயோஸ்ட்ரே என்ற தேவதையின் பெயரால் ஒரு மாதம் இருந்தது, அந்தப் பெயரையே நம் மக்கள் பாஸ்கா காலத்துக்கு வைத்துக்கொண்டார்கள் என்கிறார். அதாவது அவருக்கும் பண்டிகை பாஸ்காதான், உள்ளூர்ப் பெயர் மட்டும்தான் வேறு.

ஆங்கிலத்தையும் ஜெர்மனையும் விட்டு வெளியே வந்து பாருங்கள். கிரேக்கத்தில் பாஸ்கா, இத்தாலியில் பாஸ்குவா, பிரெஞ்சில் பாக், ரஷ்யனில் பாஸ்ஹா, எத்தியோப்பியாவில் ஃபாசிகா. எல்லாம் எபிரேய பெசாக், அரமேய பாஸ்ஹா வழி வந்தவை. கிரேக்க மொழியில் எழுதிக் கிரேக்க மொழியில் கொண்டாடியவர்கள், தங்களுக்கு நானூறு ஐந்நூறு வருடம் கழித்து இங்கிலாந்தில் வரப்போகும் பெயரை வைத்தா பண்டிகை தொடங்கியிருப்பார்கள்?

மறைக்கல்வி_சிவகங்கை:
நம் தமிழையே பாருங்கள். எங்கள் பக்கம் 'பாஸ்கா' என்றால் தவக்காலத்தில் விடிய விடிய நடக்கும் பாடுகளின் நாடகம். இடைக்காட்டூர் பாஸ்காவுக்கு வண்டி கட்டிப் போன கதை எங்கள் தாத்தா சொல்வார். யூதாஸ் வேஷம் போட்டவருக்கு ஊரில் கடைசி வரை அதுதான் பெயர். பெசாக் என்று எகிப்து ஆட்டுக்குட்டியோடு கிளம்பிய சொல், வைகைக் கரையில் கூத்து மேடையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அப்போஸ்தலர் 12:4ல் 1611 ஆங்கில வேதாகமம் பஸ்கா என்று மூலத்தில் உள்ள இடத்தில் ஈஸ்டர் என்று போட்டுவிட்டது. தமிழ் வேதாகமம் அங்கே பஸ்கா என்றே வைத்திருக்கிறது. இந்த விஷயத்தில் நமக்கு ஆங்கிலப் பாடம் தேவையில்லை.

சித்திரைக்கனி:
வேப்பம்பூப் பச்சடியும் இதுவும் ஒன்றுதானோ? அவர்களும் வசந்த காலத்தில் கசப்புக் கீரையை இனிப்பான ஒன்றில் தொட்டுச் சாப்பிடுகிறார்களாமே. சித்திரை ஒன்றும் அதே ஏப்ரலில்.

கேள்விக்குறி:
அக்கா, அழகாக இருக்கிறது, ஆனால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. வசந்தத்தில் கசப்பான இலை எல்லா ஊரிலும் துளிர்க்கும். ஒத்திருப்பது வேறு, ஒரே வேரில் முளைத்தது வேறு. பஸ்காவுக்கும் ஈஸ்டருக்கும் பெயர் ஒன்று, நிலா ஒன்று, ஓதும் நூல் ஒன்று, தொடங்கியவர்களும் யூதர்களே. அந்த மாதிரிச் சங்கிலி வேண்டும்.

அந்த வேருக்கும் கீழே இன்னொரு வேர் இருக்கிறது என்பது பல வேதாகம ஆய்வாளர்களின் கருத்து. ஆடு மேய்க்கிறவர்கள் குட்டி வெட்டி வாசலில் இரத்தம் பூசும் இரவு ஒன்று. உழுகிறவர்கள் புது வாற்கோதுமை வந்ததும் பழைய புளிப்பு மாவை எறிந்துவிட்டு ஏழு நாள் புளிக்காத அப்பம் தின்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்துதான் எகிப்து விடுதலையின் நினைவாயிற்று என்கிறார்கள். நைல் நதியில் எலிஃபன்டைன் தீவில் கிடைத்த கி.மு. 419ஆம் வருடக் கடிதம் ஒன்றில், அங்கே இருந்த யூதர்களுக்கு 15 முதல் 21 வரை புளிப்பில்லாத நாட்கள் அனுசரிக்கச் சொல்லியிருக்கிறது. பாப்பிரஸ் பாதி கிழிந்துபோனது, மீதியில் பஸ்கா என்ற சொல் இல்லை. எகிப்தை விட்டு ஓடிவந்ததைக் கொண்டாடும் பண்டிகைக்கு எகிப்திலேயே உட்கார்ந்து விதி கேட்டிருக்கிறார்கள் பாருங்கள்!

தாமிரபரணி_டீச்சர்:
கடைசி இராப்போஜனம் பஸ்கா விருந்துதானே? எங்கள் சபையில் போன வருடம் பெரிய வியாழன் அன்று 'பஸ்கா விருந்து' நடத்தினோம். சப்பாத்தி, ஆட்டுக்கறி, கசப்புக்குப் பாகற்காய், நாலு டம்ளர் திராட்சை ரசம். ஆண்டவர் செய்தபடியே என்று எங்கள் போதகர் ஐயா சொன்னார். அது சரியா?

மறைக்கல்வி_சிவகங்கை:
பாகற்காய் நல்ல யோசனை :) ஆனால் இதில் இரண்டு சிக்கல்.

மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றிலும் அது பஸ்கா விருந்து. "பஸ்காவைப் புசிக்க எங்கே ஆயத்தம்பண்ண?" என்று சீஷர்கள் கேட்டே போகிறார்கள். யோவானில் அப்படி இல்லை. யோவான் 18:28ல் இயேசுவைப் பிடித்துக் கொண்டுபோனவர்கள், பஸ்கா சாப்பிட வேண்டியிருக்கிறது, தீட்டாகிவிடும் என்று தேசாதிபதி அரண்மனைக்குள் நுழைய மாட்டேன் என்கிறார்கள். அப்படியென்றால் விருந்து இன்னும் நடக்கவில்லை. 19:14லும் பஸ்காவுக்கு ஆயத்த நாள் என்றே இருக்கிறது. ஆலயத்தில் குட்டிகளை அறுக்கிற அதே நாளில் இயேசு சாகிறார். அதற்குத் தகுந்த மாதிரி யோவான் அடுக்கிக்கொண்டே போவதைப் பாருங்கள். காடியில் தோய்த்த கடற்காளானை ஈசோப்புத் தண்டில் மாட்டிக் கொடுக்கிறார்கள். யாத்திராகமத்தில் வாசலில் இரத்தம் தெளித்தது அதே ஈசோப்பால். கால் எலும்பை முறிக்கவில்லை. பஸ்கா ஆட்டுக்கும் எலும்பை முறிக்கக் கூடாது. பவுல் இதற்கெல்லாம் முன்னமே கொரிந்தியருக்கு ஒரே வரியில் எழுதிவிட்டார்: "நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து நமக்காகப் பலியிடப்பட்டிருக்கிறாரே."

இரண்டாவது சிக்கலை ஹைஃபா அண்ணன் சொன்னால் நன்றாக இருக்கும். ஆள் அங்கேயே இருக்கிறார்.

ஹைஃபா_வாசி:
வந்துட்டேன் தம்பி. இங்க ஒரு பெரியவரைப் பாத்துக்கிற வேலை. ஆறாவது பஸ்கா எனக்கு. இவங்க பெசாக்னு சொல்றாங்க.

டீச்சர், நீங்க நடத்தினது செதர்ங்கிற விருந்தோட சாயல். நாலு கிண்ணம் ரசம், சின்னப்புள்ள கேள்வி கேக்கிறது, எகிப்து விடுதலைக் கதையைச் சொல்ற ஹகதா புத்தகம் வாசிக்கிறது எல்லாம் அதுல வரும். இந்த ஒழுங்கு முதல்ல எழுத்துல வந்தது ஏறக்குறைய கி.பி. 200ல, மிஷ்னாங்கிற யூதச் சட்டத் தொகுப்புலன்னு எங்க பெரியவர் சொல்வார். காலேஜ்ல வரலாறு எடுத்தவர். 70ல ரோமர்கள் ஆலயத்தை இடிச்சுட்டாங்க, ஆடு பலி குடுக்க இடமில்ல. அப்போ ஆட்டுக்குப் பதிலா பேச்சு வந்ததாம். பஸ்கா ஆடு, மட்சாங்கிற புளிக்காத அப்பம், கசப்புக்கீரை, இந்த மூணையும் வாயால விளக்காதவன் கடமையை முடிக்கலைன்னு ரபான் கமாலியேல்ங்கிற யூத குரு சொன்னதா மிஷ்னாவுல இருக்கு. தட்டுல ஒரு சுட்ட எலும்பு மட்டும் வைப்பாங்க, தின்ன மாட்டாங்க. சமாரியர்கள் மட்டும் இன்னைக்கும் கெரிசீம் மலையில நெஜமாவே ஆடு அறுக்கிறாங்க.

அதனால இயேசு காலத்து விருந்து வேற, இப்போ இருக்கிற செதர் வேற. அவர் ஆடு தின்ன காலம். போன வருஷம் பெரியவர்கிட்ட, எங்க ஊர் சர்ச்சுல உங்க செதர் நடத்துறாங்கன்னு பெருமையா சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "என் தாத்தா காலத்துல அந்த வாரம் சர்ச்சுல இருந்து கூட்டம் வந்தா நாங்க கதவைச் சாத்துவோம். இப்போ உள்ள வந்து எங்க தட்டையே எடுத்துக்கிறீங்களா"ன்னார். கோவமா சொல்லல, சிரிச்சுக்கிட்டேதான். எனக்குத்தான் சோறு எறங்கல. சோறுன்னு சொல்லிட்டேன், அது தனிக் கதை.

தாமிரபரணி_டீச்சர்:
அண்ணே, கதவைச் சாத்துவோம் என்றது ஏன்?

கேள்விக்குறி:
டீச்சர், இதை வகுப்பில் எப்படிச் சொல்வீர்களோ தெரியாது, ஆனால் சொல்ல வேண்டும். பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் ஐரோப்பிய யூதர்களுக்குப் பயமான நாட்கள். இரண்டாம் நூற்றாண்டிலேயே சர்தை ஆயர் மெலித்தோ ஒரு பாஸ்கா பிரசங்கம் செய்தார். ஆட்டுக்குட்டியையும் கிறிஸ்துவையும் அவ்வளவு அழகாக இணைத்துவிட்டு, கடைசியில் கடவுளையே இஸ்ரவேல் கொன்றது என்று முடித்தார். பாஸ்கா என்ற சொல்லைக் கிரேக்கத்தில் துன்பப்படுதல் என்ற சொல்லோடு சேர்த்து விளையாடியவரும் அவர்தான். அந்தக் குற்றச்சாட்டு வளர்ந்து, 1144ல் இங்கிலாந்தின் நார்விச்சில் ஒரு சிறுவன் இறந்ததற்கு யூதர்கள் மேல் பழி போட்டார்கள். பிறகு கிறிஸ்தவப் பிள்ளை இரத்தத்தில் மட்சா சுடுகிறார்கள் என்று கதை கட்டினார்கள். இரத்தம் ஒரு துளியும் உண்ணக் கூடாது என்று கோழியைக்கூட உப்புப் போட்டு ஊறவைத்து வடிக்கிறவர்கள் மேல்! 1903ல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் கலவரம் தொடங்கியது ஈஸ்டர் ஞாயிறு. 49 யூதர்கள் செத்தார்கள்.

மறைக்கல்வி_சிவகங்கை:
இதை மறுக்க முடியாது. எங்கள் பெரிய வெள்ளி மன்றாட்டிலேயே யூதர்களைக் குறித்து 'நம்பிக்கை கெட்டவர்கள்' என்ற பொருளில் ஒரு இலத்தீன் சொல் இருந்தது. 1959ல் 23ஆம் யோவான் அதை எடுத்தார். யூத மக்கள் எல்லார்மேலும் இயேசுவின் சாவைச் சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது 1965 அக்டோபரில். ரொம்பத் தாமதம்.

ஆனாலும் ஈஸ்டருக்கு முந்தின இரவு எங்கள் பாஸ்கா திருவிழிப்பில் வந்து உட்கார்ந்து பாருங்கள். எந்த வாசகத்தைச் சுருக்கினாலும் விடுதலைப்பயணம் (உங்கள் யாத்திராகமம்) 14, செங்கடல் கடந்த பகுதியை மட்டும் விடக் கூடாது என்பது விதி. பாஸ்கா திரியை ஏற்றிக்கொண்டு பாடும் புகழுரை, எங்கள் முன்னோரை எகிப்திலிருந்து கொண்டுவந்த இரவு இதுவே என்கிறது. எங்கள் முன்னோர்! பூசைக்கு வரும் எத்தனை பேர் அந்தச் சொல்லைக் கவனிக்கிறார்கள் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பேன்.

கோட்டயத்து_மருமகள்:
நான் மதுரைக்காரி, கல்யாணம் ஆகி வந்த இடம் கேரளத்துச் சுறியானிக் கிறிஸ்தவக் குடும்பம். இங்கே பெரிய வியாழனுக்கே பெசஹா என்றுதான் பெயர். சுறியானி வழியாக வந்த அதே சொல். அன்று இரவு வீட்டிலேயே அரிசி மாவில் உளுந்து சேர்த்து, புளிக்கவிடாமல் அப்பம் அவிப்போம். மேலே குருத்தோலையில் ஒரு சிலுவை. கூடவே தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துப் பெசஹா பால். ஜெபம் சொல்லி மாமனார்தான் வெட்டுவார், வயதில் மூத்தவர்களிலிருந்து வரிசையாகக் கொடுப்பார். அந்த வருடம் சாவு விழுந்த வீட்டில் அப்பம் செய்ய மாட்டார்கள், பக்கத்து வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுப்போம். முதல் வருடம் நான் பழக்கத்தில் மாவை முந்தின ராத்திரியே ஆட்டி வைத்துவிட்டேன். மாமியார் வாளியைத் திறந்து பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, அப்படியே தோசைக்கு ஒதுக்கிவிட்டுத் திரும்ப அரிசி ஊறப்போட்டார்.

சித்திரைக்கனி:
அடடா, பச்சரிசியும் உளுந்தும் போட்டுப் பஸ்காவா! என் பச்சடியைத் தள்ளிவிட்டீர்களே :(

கேள்விக்குறி:
அக்கா, இதுதான் நான் சொன்ன சங்கிலி. பெயர், நாள், புளிப்பில்லாமை மூன்றும் இருக்கிறது. தானியம் மட்டும் ஊர்க்காரர்களுடையது.

வசனவிளக்கு:
சரி, இஷ்தார் விஷயத்தை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் எங்கள் பெந்தெகொஸ்தே அப்படி இல்லையே, அது புதிய ஏற்பாட்டுச் சபையின் பிறந்த நாள்.

பஞ்சாங்கப்பிரியன்:
பிரதர், உங்கள் சபைப் பெயரே யூத நாட்காட்டி :) பெந்தெகொஸ்தே என்றால் கிரேக்கத்தில் ஐம்பதாவது. லேவியராகமம் 23ல் கதிர்க்கட்டு அசைவாட்டும் நாளிலிருந்து ஏழு வாரம் எண்ணி, ஐம்பதாம் நாள் வாரங்களின் பண்டிகை. வாற்கோதுமையில் தொடங்கிக் கோதுமையில் முடியும் அறுவடைக்காலம். அப்போஸ்தலர் 2ல் அத்தனை தேசத்து யூதர்கள் எருசலேமில் ஏன் கூடியிருந்தார்கள்? அந்தப் பண்டிகைக்குத்தான். சீனாய் மலையில் நியாயப்பிரமாணம் கிடைத்த நாள் அது என்றும் யூத மரபு சொல்லும். பவுல் உயிர்த்த கிறிஸ்துவை 'முதற்பலன்' என்கிறாரே, அதுவும் இதே வயலில் அறுத்த சொல்.

தாமிரபரணி_டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. இன்று வகுப்பு முடித்துவிட்டு வந்தேன். பலகையில் ஒரு நிலா வரைந்து, இரண்டு பக்கமும் இரண்டு காலண்டர் எழுதினேன். கிஷினேவ் வரை சொன்னேன். சத்தமே இல்லை.

பிறகு மாற்கு 14:26, "ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு" என்பதை வாசிக்கச் சொன்னேன். யூதர்கள் பஸ்கா இரவில் பாடுவது சங்கீதம் 113 முதல் 118 வரை என்று படித்திருந்தேன், அதனால் 118ஐத் திறந்தோம். "வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லே." பிள்ளைகளுக்கு மனப்பாடமான வரி. ஈஸ்டர் பாட்டு என்று நினைத்திருந்தார்கள். நானும்தான்.

அந்தப் பையன் விடவில்லை. "அப்போ ஆண்டவர் கையில எடுத்தது புளிச்ச அப்பமா, புளிக்காததா?"

மறைக்கல்வி_சிவகங்கை:
ஐயோ! 1054ல் ரோமும் கொன்ஸ்தாந்தினோப்பிளும் முறித்துக்கொண்டபோது போட்ட சண்டைகளில் இதுவும் ஒன்று. எங்கள் நற்கருணை அப்பமான ஓஸ்தி புளிக்காதது, பஸ்கா விருந்து என்ற கணக்கில். கிரேக்க ஆர்த்தடாக்ஸ்காரர்கள் புளித்த அப்பம்தான் வைப்பார்கள், உயிர்ப்புள்ள அப்பம் என்று. யோவான் கணக்குப்படி பஸ்காவுக்கு முந்தின இரவு என்பதால் அதற்கும் வழி இருக்கிறது. அவனைக் குருமடத்துக்கு அனுப்புங்கள், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

தாமிரபரணி_டீச்சர்:
அவன் சிஎஸ்ஐ பையன். விட மாட்டேன்.

ஹைஃபா_வாசி:
இங்க சூப்பர் மார்க்கெட்ல ரொட்டி ஷெல்ஃபை எல்லாம் பிளாஸ்டிக் போட்டு மூடிட்டாங்க. எங்க பெரியவர் குடும்பம் அஷ்கெனாசி, அதாவது ஐரோப்பா வழி யூதர்கள், பெசாக்ல அரிசியும் பருப்பும்கூட ஆகாது. ஸ்பெயின் வழி வந்த செஃபார்தி யூதர் வீட்டுல அரிசி உண்டு, நம்ம அதிர்ஷ்டம் இப்படி. என் பொன்னி டப்பாவுக்கு நேத்தே டேப் ஒட்டி மேல் அலமாரியில ஏத்தியாச்சு. 8ஆம் தேதி ராத்திரி மூணு நட்சத்திரம் தெரிஞ்சு பெசாக் முடிஞ்சதும் முதல் வேலை உலை வைக்கிறதுதான். பெரியவரும் ரெண்டு கரண்டி கேப்பார், வருஷா வருஷம் கேப்பார்.